கடலைத் தூக்கிப் பார்த்தார்கள்

தில்லியில் கடற்கரை அமைப்பது அத்தனை கடினமில்லை. துவாரகாவில் எங்கள் பக்கத்துத் தெருவை அடைத்து, லாரி லாரியாக மணல் கொட்டி, தெருக்கோடியில் நீலத் துணியை நீளமாகக் கட்டி, இரு பக்கமும் ஆள் வைத்து ஆட்டினார்கள். ஸ்பீக்கரில் அலைச் சத்தம். கடற்கரைக் கைவினைச் சந்தை என்று பெயர். நல்ல கூட்டம். துணிக்கு முன்னால் செல்ஃபி எடுத்தவர்கள் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்கள்.

நானும் போனேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பது சிரமம்.

சங்கில் பெயர் பொறித்துத் தரும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் அருள்ராஜ், தூத்துக்குடிக்காரர், அந்த வாரம்தான் தில்லிக்கு வந்தவர். அவருக்குத் தெரிந்த இந்தி 'ஹான் ஜி' மட்டும், அதாவது 'ஆமாங்க'. யார் எதைக் கேட்டாலும் தலையாட்டி அதையே சொன்னார். வியாபாரம் நடந்தது. நான் தமிழில் விலை கேட்டதும் ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"என்ன பேரு போடணும் அண்ணாச்சி?"

"சுபாஷிணி."

"மதினியா? எங்க, கூட்டிட்டு வரலியா?"

"இங்கதான் எங்கேயோ இருக்கா."

சும்மா வாயில் வந்தது. சொன்னதும் நன்றாக இருந்தது. அவ்வளவு சாதாரணமாக நான் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பெயரைப் பொறித்து முடித்தும் அவள் வரவில்லை. அருள்ராஜ்தான் கவலைப்பட்டார்.

"பொம்பளையாள இந்தக் கூட்டத்துல தனியா விட்டுட்டீயளே. இவனுவகிட்ட வழி கேட்டா இமயமலைக்கு ஏத்தி விட்டுருவானுவ. வாங்க, மைக்ல சொல்லிருவோம்."

கடையை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். என் மனைவி சுபாஷிணி போன மார்ச்சிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அவர் வேகமாக நடந்தார்.

பச்சைப் புடவை, மாநிறம், கண்ணாடி என்று நான் சொன்ன அடையாளங்களை மைக்கில் அறிவித்தார்கள். அதன் பிறகு நடந்ததை நான் ரசித்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பச்சை உடுத்திய எல்லாப் பெண்களையும் நிறுத்திப் பெயர் கேட்டார்கள். ஒரு சர்தார்ஜி கோல்கப்பாத் தட்டைக் கீழே வைக்காமல், தின்றுகொண்டே தேடினார். நான்கைந்து பேர் கடலைத் தூக்கி அடியில் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் அவளுக்காக யாரும் இப்படி ஓடவில்லை.

பிறகு போலீஸ் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியாக அவளைப் பார்த்தது யார் என்று ஏட்டு கேட்டார். நான் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் என் பக்கத்தில் நின்ற அருள்ராஜிடம் திரும்பினார்.

"தேக்கா உஸ்கோ?" அவளைப் பார்த்தாயா என்று அர்த்தம்.

"ஹான் ஜி."

"தேரே சாத் தீ?" உன்னோடு இருந்தாளா.

"ஹான் ஜி."

"அப் கஹான் ஹை?" இப்போது எங்கே.

"ஹான் ஜி," என்றார் அருள்ராஜ், இன்னும் பணிவாக, சிரித்தபடி.

அறை விழுந்தது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி கேக்குதாவ? நான் என்ன தப்பாச் சொன்னேன்?"

ஏட்டு நியாயமான மனிதர். இவனுக்கு இந்தி புரியவில்லை போலிருக்கிறது, அவளை இவன்தான் கூட்டிப்போனானா என்று நீயே உன் மொழியில் கேள் என்றார்.

நான் அருள்ராஜிடம், "அவளத் தேட உதவி செய்வீங்களான்னு கேக்கறார்," என்றேன்.

"இதுக்கா அடிக்காவ? ஹான் ஜி, ஹான் ஜி."

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். தேடத்தான் போகிறோம் என்று நினைத்து, ஏறும்போது எனக்கு ஆறுதல் சொன்னார்.

"கவலப்படாதீய. கெடச்சிருவாவ."

ஏன் அப்படி மாற்றிச் சொன்னாய் என்று கேட்டீர்கள். அத்தனை கூட்டத்தில் அவளைப் பார்த்தேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சுபாஷிணிக்கு நான்தான் கொள்ளி வைத்தேன். உடன் நின்றவர்கள் இருக்கிறார்கள், விசாரிக்கலாம். அருள்ராஜை இன்றே விட்டுவிடுங்கள். என்னை வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தமிழ் தெரிந்த அதிகாரி என்பதால் ஒரு உதவி. அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். அவள் எந்தப் பக்கமாகப் போனாள்?