தினை டப்பா

பறவைகளுக்குத் தினை வைக்காமல் நான் ஒரு நாளும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. இரண்டு லவ் பேர்ட்ஸ், ஒரு கூண்டு, ஒரு தினை டப்பா. நாற்பத்தாறு வயதில், கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிறவனின் சொத்து இவ்வளவுதான். மற்றதெல்லாம் அண்ணன் வீட்டுப் புண்ணியம்.

அந்த வீட்டுச் சமையலறைக்கு அந்துப்பூச்சி வந்தது. மாவைக் கிளறினால் நூல் கட்டிய புழு, அலமாரியைத் திறந்தால் முகத்தில் நாலு பூச்சி. அண்ணி ஒரு நிமிடம்தான் யோசித்தார்.

“தம்பி, இது உன் தினையிலேருந்துதான் வருது. டப்பாவைக் கொண்டா.”

அண்ணி சொன்னால் சொன்னதுதான். பால் திரியும் என்றால் திரியும். என் கல்யாணப் பேச்சு முறிந்த அன்றுகூட, “நான் அப்பவே சொன்னேன்ல” என்றுதான் காபியை நீட்டினார். இப்படிப்பட்ட மகாஞானியோடு பதினோரு வருடம் குடியிருந்து பாருங்கள்.

அறைக்குப் போய் டப்பாவைத் திறந்தேன். புழு நெளிந்தது. அவர் சொன்னது சரி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டப்பாவைக் கட்டிலடியில் தள்ளினேன். கடைக்கு ஓடிப் புதுத் தினை வாங்கி, அதே மாதிரி டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காட்டினேன்.

“நல்லா பாருங்க அண்ணி. கண்ணாடி வேணுமா?”

அவர் முகம் விழுந்தது. என் வயிறு குளிர்ந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணி விடுகிற ஆளா? அலமாரியைக் காலி செய்தார், டப்பாக்களை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தார், மாவை ஃப்ரீசரில் வைத்தார், இடுக்குகளை வினிகரால் துடைத்தார். குறை சொல்ல முடியாத வேலை. அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் மூடிகளை அரைச்சுற்று தளர்த்தி, ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சிட்டிகை பழைய தினை போட்டேன். லென்ஸ் பிடித்துப் பழகிய கை, நடுங்கவில்லை.

பூச்சி மறுபடி வந்தது. “சத்தியமா மூடினேங்க” என்றார் அண்ணி.

“மூடினா எப்படிடி பூச்சி வரும்? உனக்கு மறதி முத்திப்போச்சு” என்றான் அண்ணன். அவன் கண்ணாடி நான் பொருத்திக் கொடுத்தது. பிரயோஜனமில்லை.

அண்ணி ஒவ்வொரு மூடியையும் பத்து தடவை, பிறகு நாற்பது தடவை திருகிப் பார்த்தார். தட்டில் புழு தெரிகிறது என்று சாப்பாட்டை ஒதுக்கினார். ஆறாவது மாதம் மனநலக் காப்பகத்து வண்டி வந்தது. ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீ சொன்னதுதான் சரி தம்பி. உன் தினையில ஒண்ணுமில்ல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிய மனசு அவருக்கு, ஒப்புக்கொண்டாரே.

இப்போது அண்ணி நன்றாகத் தேறிவிட்டாராம். ஒரே தடவைதான் மூடுகிறாராம், திரும்பிப் பார்ப்பதில்லையாம். அடுத்த மாதம் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார் டாக்டர். வந்ததும் கட்டிலடியைக் கூட்டுவார், எனக்குத் தெரியும்.

நாளை அவரைப் பார்க்கப் போகிறேன். ஒரு பாட்டில் முந்திரி வாங்கி, கொஞ்சம் பழைய தினையும் கலந்து, மூடியை அரைச்சுற்று தளர்த்தி வைத்திருக்கிறேன். வெறுங்கையோடு போக எனக்கு மனசு வராது.