பதினான்கு சுற்று

என் கையெழுத்து அழகாக இருக்கும். சங்கத்தில் என்னைச் சேர்த்ததற்கு அதுதான் காரணம். நீங்களும் எழுதியே கொடுக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று, மேடம். எனக்குப் பேச வராது.

என் பெயர் சுடர்விழி. வேதியியல் படித்திருக்கிறேன். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊருக்குத் தெற்கே ஒரு கம்பெனி வயல்களைக் குத்தகைக்கு எடுத்து இறால் குட்டை போட்டிருக்கிறது. குட்டையில் நிற்பது உப்புத் தண்ணீர். அது பக்கத்து வயலுக்குக் கசிந்தால் இரண்டு வருடத்தில் அங்கே நெல் வராது. யாரும் கம்பெனிக்கு நிலம் கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஊர்ப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். துரைராசு ஐயா தலைவர். நான் செயலாளர்.

எங்களுக்கு மூன்று மா நிலம் இருக்கிறது. ஒரு ஏக்கர். என் தாத்தா துரைராசு ஐயா வீட்டில் பண்ணையாளாக இருந்தவர். என் அப்பா மருதையன் இருபது வருடம் கேரளாவில் கல் சுமந்து அந்த மூன்று மாவை வாங்கினார். ஐயாவின் நிலத்துக்கும் எங்கள் நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான்.

முதல் கூட்டத்தில், வயல் தண்ணீரில் நான் அளந்த உப்பின் அளவை வாசிக்க எழுந்தேன். குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன்.

“செயலாளரம்மா பேசி முடிச்சிட்டாங்க, கை தட்டுங்கப்பா” என்றார் ஐயா.

நாற்பது பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அன்றைக்குத்தான் ஐயா ஷட்டர் கைப்பிடியை என்னிடம் கொடுத்தார். “இந்த ஊர்ல யாரோடயும் மல்லுக்கு நிக்காத ஆளு நீ ஒருத்திதான் பாப்பா. ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

ஷட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றுத் தண்ணீர் ஓர் இரும்புக் கதவு வழியாக எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. கதவை அடுத்து, சாலைக்கு அடியில் சிமெண்டுக் குழாய். முப்பதடி நீளம். ஓர் ஆள் தவழ்ந்து போகலாம், திரும்ப முடியாது. கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் கதவு மேலே ஏறும். முழுதாகத் திறக்கப் பதினான்கு சுற்று.

ஆனி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்த வாரம். திங்கட்கிழமை தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்க ஐயா வீட்டுக்குப் போனேன். மேசை மேல் கம்பெனியின் குத்தகைப் பத்திரம் இருந்தது. கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஐயாவின் இடம் காலியாக இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“வெள்ளிக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் வச்சு இதுக்கு ஒரு முடிவு கட்டுறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிடாத.” பிறகு சிரித்தார். “நீ எங்க சொல்லப் போற.”

என்ன முடிவு என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். நான் கேட்கவில்லை.

அறிவியல் படித்தவர்கள் எதையும் முதலில் சோதித்துப் பார்ப்பார்கள். செவ்வாய்க்கிழமை ஷட்டருக்குப் பக்கத்தில் ஒரு சாக்கில் களிமண் நிரப்பினேன். ஏறக்குறைய ஐயாவின் எடை. அது இறால் தீவனச் சாக்கு. வேறு சாக்குகளும் அங்கே கிடந்தன. கதவைத் திறந்து அதை உள்ளே உருட்டிவிட்டேன். குழாயின் நடுவில் சிக்கிக்கொண்டது. தண்ணீர் ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து அதன் மேல் அடைத்தது. ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். அசையவில்லை.

புதன்கிழமை வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று எல்லோரும் புகார் சொன்னார்கள். வியாழக்கிழமை கதவை இறுக மூடிவிட்டுக் குழாயைத் துப்புரவு செய்ய முடிவானது. வாய்க்காலில் நூறு நாள் வேலைப் பெண்கள் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். ஐயா வேட்டியை அவிழ்த்துக் கரையில் வைத்தார். ஆள் அனுப்பலாமே என்று அந்தப் பெண்களில் ஒருத்தி, பூவம்மாள், சொன்னாள்.

“எங்கப்பா காலத்துல இந்தப் புள்ளையோட தாத்தாவத்தான் உள்ள எறக்கினாங்க. அது போதும்” என்றார் ஐயா.

அவர் இப்படித்தான் சொல்வார், அவரேதான் இறங்குவார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

மூடிய கதவுக்கும் குழாய்க்கும் நடுவில் இறங்கி ஐயா உள்ளே தவழ்ந்தார். “எலி வளைக்குள்ள போவுதுடி, வால பாத்துக்குங்க” என்றாள் பூவம்மாள். சிரித்துக்கொண்டே எல்லோரும் புங்கமரத்தடிக்குச் சாப்பிடப் போனார்கள்.

நான் மேட்டில் ஏறிக் கைப்பிடியை மாட்டினேன். மூன்றாவது சுற்றில், “பாப்பா, தண்ணி கசியுது, நல்லா மூடு” என்றார். குழாய்க்குள் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. ஆறாவது சுற்றில் சுடர்விழி என்று கூப்பிட்டார். அதற்கு முன் அவர் என் பெயரைச் சொன்னதில்லை. பத்தாவது சுற்றில் குழாயை உதைக்கிற சத்தம். நான் பதினான்கையும் சுற்றினேன். பாதியில் நிறுத்தினால் அவர் நீண்ட நேரம் துன்பப்பட்டிருப்பார்.

சாப்பிட்டு வந்தவர்கள் கதவை மூடி, கயிறு கட்டித்தான் அவரை வெளியே இழுத்தார்கள். இரண்டு கைகளிலும் நகம் இல்லை. ஒரு பக்கக் கன்னத்தைச் சிமெண்டு தேய்த்து எலும்பு தெரிந்தது. பின்னாலேயே சாக்கு வந்தது. கைப்பிடியை ஷட்டரிலேயே விட்டுவிட்டு நானும் சாப்பிடப் போனதாகச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

சங்கத்து வேம்பு சாக்கைப் புரட்டினான். “டேய், இது அவனுங்க சாக்குடா” என்றான்.

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். எனக்குக் குரல் வந்தது. “இப்பப் போகலன்னா எப்பப் போறது” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

குட்டையில் கம்பெனிக்காரர்கள் இல்லை. காவலாளி ஜெக்கரியா மட்டும் சோறு வடித்துக்கொண்டிருந்தார். வேலைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர். ஊர்க்காரர்கள் கையில் மண்வெட்டி இருந்தது. முதல் வெட்டு என் அப்பாவுடையது, தோளில். ஜெக்கரியா குட்டைக்குள் விழுந்தார். எழுந்தபோதெல்லாம் தலையில் அடித்தார்கள். “நான் என்னங்க பண்ணேன்” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு எழவில்லை. வீட்டுக்கு வந்து தீர்மானப் புத்தகத்தில் ‘அசம்பாவிதம்’ என்று எழுதினேன்.

அப்பாவும் மற்ற ஆறு பேரும் சிறையில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடக் கேட்டு இதை எழுதுகிறேன். துரைராசு ஐயாவைக் கொன்றது நான். ஜெக்கரியாவை நான் தொடவில்லை. கம்பெனி குட்டையை மூடிவிட்டுப் போய்விட்டது. ஊர் காப்பாற்றப்பட்டது என்பதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயாவின் அரைக்கால் சட்டைப் பையில் இருந்ததாக நேற்று அந்தப் பத்திரத்தைக் காட்டினீர்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதைக் கிழித்துப் போடப் போவதாக அவர் காலையில் பூவம்மாளிடம் சொன்னாராம். பூவம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரம் நனைந்து காய்ந்திருந்தது. கம்பெனிக்காரரின் கையெழுத்தில் ஓர் எழுத்துகூடக் கலையவில்லை. ஐயாவின் கையெழுத்து மட்டும் இல்லை. அதைத் தண்ணீர் அழித்திருக்கும். நான் வேதியியல் படித்தவள், மேடம். இதில் என் வார்த்தையை நீங்கள் நம்பலாம்.