ஒரு நம்பர மட்டும் எடுங்க

இல்ல தம்பி, அது வேணாம். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுன்னா உங்களுக்கு வேலை சுலபம், சரி. எனக்கு ஒத்துவராது. இந்த மருந்துக்கடையில இருக்கறதே ரெண்டு பேரு. காலையும் சாயங்காலமும் நான், மதியம் வேலைக்கு வர்ற பொண்ணு. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. யாரு எதத் திறந்தோம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியணும்.

சிரிக்காதீங்க. சின்னக் கடைதான், அதான் பயமே. இங்க வர்றவங்க எல்லாம் பக்கத்துத் தெரு. யாருக்குச் சர்க்கரை, யாரு தூக்க மாத்திரை போடறாங்க, எந்தப் பொண்ணு இப்போதைக்குக் குழந்தை வேணாம்னு இருக்கா... ஸ்கிரீனக் கொஞ்சம் வாசல் பக்கம் திருப்பி வச்சாப் போதும், தெருவே படிச்சிடும்.

போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. என் பொண்டாட்டி இங்க என்ன வாங்குறான்னு கேக்கறாரு. கவுன்டர்ல அந்தப் பொண்ணுதான். சொல்ல முடியாதுங்கன்னுட்டா. நான் அவ புருஷன்னு கத்துறாரு. கண்ணாடி மேல ஒரு குத்து, இந்த விரிசல் அதுலதான். இவ ஸ்கிரீன அணைச்சுட்டு, அவங்களையே கேளுங்கன்னு அசையாம நின்னாளாம். ஆள் ஊதினா விழுந்துடுவா. அன்னிலேர்ந்து கடையில அவ பேரு கறார்.

எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். வீட்டு ஆளா இருந்தாலும் சொல்லாத, கடவுளே வந்து நின்னாலும் சீட்டு யாருதோ அவங்கள வரச் சொல்லுன்னு.

டீ ஆறுது, குடிங்க.

ஆங், உங்களக் கூப்பிட்டது பாஸ்வேர்டுக்கு இல்ல. மாத்திரை தீரப்போகுதுன்னு தானா ஒரு மெசேஜ் போகுதுல்ல, அதுலேர்ந்து ஒரு நம்பர எடுக்கணும். எனக்கு எடுக்கத் தெரியல. இந்தாங்க, இந்த போன் நம்பர்தான். என்னோடது இல்ல, எங்க வீட்டுக்காரரோடது.

போன மாசம் தவறிட்டாரு. மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனா, சோபால உக்காந்தபடியே இருக்காரு. டிவி ஓடிட்டிருக்கு.

பரவால்ல, உக்காருங்க. நெஞ்சுன்னாங்க. வந்தவங்க எல்லார்கிட்டயும் நான் ஒண்ணையே சொல்லிட்டிருந்தேன், அவருக்கு ஒண்ணுமே இல்லீங்க, தலைவலி மாத்திரைகூடப் போட மாட்டாருன்னு. கறார் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு நின்னா.

இந்த போன ஏனோ தினம் சார்ஜ் போட்டு வைக்கிறேன். நேத்து டிங்குன்னுச்சு. உங்க மாத்திரை தீரப்போகுது, மறக்காம வாங்கிக்கங்க. கீழ நம்ம கடைப் பேரு. அந்த வாசகத்தக்கூட நான்தான் உக்காந்து எழுதினேன்.

கறாரக் கேட்டேன். மதியம் நான் சாப்பிட வீட்டுக்குப் போனதும், ஒரு நடை போயிட்டு வரேன்னு இவரு கிளம்புவாரு. இங்கதான் வந்திருக்காரு. அக்காகிட்ட சொல்லாதம்மா, பயந்துடுவா, நானே சொல்லிக்கறேன்னாராம். வர்றப்ப எல்லாம் சொல்லிட்டீங்களா அண்ணான்னு இவ கேட்டிருக்கா. சொல்றேன் சொல்றேன்னு போயிருக்காரு.

நான் பண்ணது தப்பா அக்கான்னு அழுதா. இல்லடி, சரிதான்னேன். வேற என்ன சொல்ல.

கோபமா? யாரு மேல?

இல்ல இல்ல, அவர் பேர்ல இருக்கறதத் திறக்காதீங்க தம்பி. நம்பர மட்டும் எடுங்க. என்ன மாத்திரைன்னு நான் இன்னும் பாக்கல. என் பாஸ்வேர்டப் போட்டாத் திறக்கும், தெரியும். ஆனா அவர் எங்கிட்ட சொல்லலியே.