கட்டிலுக்கு அடியில்

இல்லப்பா, வரமாட்டேன். கார் சந்து முனையில நின்னா நிக்கட்டும், உங்கப்பன் பேரச் சொன்னா சினிமாக்காரங்க இருக்கற இந்த டாலிகஞ்சுல எவனும் ஹாரன் அடிக்கமாட்டான். அந்த சந்தேஷ் இனிப்புப் பெட்டியையும் கையோட எடுத்துக்க. எனக்குச் சக்கரை. நாப்பத்திமூணு வருஷம் உங்க வீட்டுக்கு வந்து போனவனுக்குச் சக்கரை இருக்குன்னு உங்க வீட்டுல யாருக்கும் தெரியல பாரு.

உக்காரு. நின்னா வெளிச்சத்த மறைக்குது.

தெரியும், பேப்பர்ல பாத்தேன். உங்கப்பன், மாபெரும் நடிகர் ஹிரண்மய் சான்யாலுக்கு எம்பது வயசு, நாளைக்கு மந்திரி சால்வை போடறாரு. விழா முடிவுல, அந்தப் பழைய படத்துல செத்த மகன் பக்கத்துல உக்காந்து பேசற வசனத்தை மேடையில பேசிக் காட்டணும். திரைக்குப் பின்னால வசனம் எடுத்துக் குடுக்க இந்த ஃபடிக் இல்லேன்னா மேடை ஏறமாட்டேங்கறாரு. அதான? ஏறாட்டி போகட்டும்.

காதுல மாட்டற கருவி இருக்கே, வேற எவனாவது சொல்லட்டும். ஓ, வேற குரலுக்கு அவருக்கு வாய் வரமாட்டேங்குதா.

அறுபத்தோரு படம்ப்பா. மேசைக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால, ஒரு தடவை குளத்துல கழுத்தளவு தண்ணியில நின்னு வசனம் எடுத்துக் குடுத்திருக்கேன். உங்கப்பனுக்கு ரெண்டு வரி சேந்தாப்ல மனசுல நிக்காது. பேசறதுக்கு முன்னால ஒரு நிறுத்து நிறுத்துவாரே, அதப் பத்திரிகைக்காரனுங்க எழுதி எழுதித் தீத்தானுங்க, என்ன ஆழம், என்ன சிந்தனைன்னு. சிந்தனையும் இல்ல, மண்ணும் இல்ல. நான் சொல்றது அவரு காதுல போய் விழற நேரம் அது.

சிரிக்காத. உனக்குத் தெரியாததா.

சுயசரிதை போட்டாரே, முந்நூத்திப் பன்னெண்டு பக்கம், ஒண்ணு விடாமப் படிச்சேன். உங்க வீட்டு நாய் பதினாலு எடத்துல வருது. மீன் கொழம்பு வைக்கிறவன் ஒம்பது எடம். நான் ஒரு எடத்துலயும் இல்ல.

அந்தக் கோவம்னு நெனைக்கிறியா? புத்தகம் வந்தப்புறமும் நாலு படத்துக்குப் போனேனே. இப்ப வந்து சித்தப்பா சித்தப்பாங்காத. வேற எந்த வசனம்னாலும் வந்திருப்பேன். இது முடியாது.

ஏன்னா? என் பையன் நந்துவ உனக்கு ஞாபகம் இருக்கா? இருக்காது. பத்தொம்பது வயசு, ஜனவரிக் குளிர்ல ஏழே நாள் காய்ச்சல், போயிட்டான். அவன் போன ஒம்பதாம் நாள், தீட்டு கழியல, தாடி மழிக்கல, உங்கப்பன் கார அனுப்பிட்டாரு. செட்டுப் போட்டாச்சு ஃபடிக், நீ இல்லாம ஆகாதுன்னு. போனேன். என்ன காட்சின்னு அங்க போய்த்தான் தெரிஞ்சுது. கட்டில்ல செத்த மகன், பக்கத்துல அப்பன். நான் கட்டிலுக்கு அடியில.

தாள்ல ரெண்டே வரி. மகனே, என்னை அனாதையாக்கிட்டுப் போயிட்டியேன்னு. எந்த அப்பன் அப்படிப் பேசுவான்? எனக்கு அது வாயில வரல. கேவராத்தலா சுடுகாட்டுல நந்து காதுல நான் சொன்னதுதான் வந்துச்சு. குல்லா போடாமப் படுத்திருக்கியேடா, பனி எறங்குது, அம்மா என்னத்தான் திட்டுவா.

உங்கப்பன் அத அப்படியே சொன்னாரு. பரிசு வந்துச்சு. என் உள்ளேருந்து வந்த வார்த்தைன்னு பேட்டி குடுத்தாரு. எந்தத் தாள்ல இருந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் என்னக் கேக்கல. குளிர் வந்தா டீக்கடையில பசங்க அதச் சொல்லிச் சிரிக்கிறானுங்க.

மெதுவாப் பேசு, நந்து அம்மா உள்ளதான் இருக்கா. எங்க பக்கத்துல பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதில்ல. நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு அவளுக்குத் தெரியாது. அந்தப் படத்த டிவியில பதினேழு தடவை பாத்திருக்கா. ஒவ்வொரு தடவையும் கண்ணத் தொடச்சுக்கிட்டு, புள்ளையப் பறிகுடுத்தவன் மனசு இந்த மனுசனுக்குத் தெரியுது, நீங்க ஒம்பதாம் நாளே வேலைக்குக் கெளம்புனவர்தானேங்கறா.