முதுகில் வைத்த கை

பிற்பகல் ஒன்றேகால் மணி. சியாங் மாய் நகரத்தை விட்டுக் கிழக்கே, லாங்கன் பழத் தோப்புகளுக்கு நடுவே ஒரு மண் சாலை. ஆள் கிடையாது. ஒரு நாய்கூடக் கிடையாது. பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யாரோ நம்மை நம்பவைத்துவிட்டார்கள்... இது உச்சி வெயிலில் நடந்தது.

நம் சைக்கிள் கடை அனோன் இருக்கிறானே, அவனுடைய பெரியப்பா புன்மாவுக்கு நடந்தது. வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் கூட்டிப்போய் ஊரைக் காட்டுவது அவர் வேலை. நாலு நாள் பயணம். முதலில் நகரத்துக் கோயில்கள், பிங் ஆற்றங்கரை. அப்புறம் வயல்வெளி, மலையடிவாரம். முன்னால் புன்மா போவார். யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளக் கடைசியில் ஒரு ஆள் வரவேண்டும். அது அவர் மகள் குங். இருபத்திரண்டு வயது, ஒரே பிள்ளை.

“முன்னால போற உங்களுக்குக் காத்துப்பா. பின்னால வர்ற எனக்கு ஏழு பேரோட வியர்வ நாத்தம்” என்பாள்.

“மூக்கப் பொத்திக்கிட்டு மிதி.”

“பொத்திக்கிட்டா மணி யாரு அடிப்பா? நீங்களா?”

மணிதான் அவர்களுக்குள் பேச்சு. பின்னாலிருந்து இரண்டு தடவை அடித்தால், எல்லாரும் வருகிறார்கள். மூன்று தடவை என்றால், நில்லுங்கள்.

போன செப்டம்பரில் ஒரு நாள் மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மண் சாலையில் ஓர் ஓடை குறுக்கிடும். மேலே தரைப்பாலம், மழை பெய்தால் தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடும். புன்மா விருந்தாளிகளோடு முன்னால் கடந்துவிட்டார். ஏற்றத்தில் பாதி தூரம் போயிருப்பார்.

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. யாருக்காவது டயர் போயிருக்கும் என்று நினைத்தார். கூட இருப்பவர்களை முதலில் ஒரு கூரைக்குக் கீழே சேர்த்துவிட்டுத் திரும்பலாம், பத்து நிமிஷம்தானே... போய்விட்டார்.

திரும்பி வந்தபோது பாலத்தைக் காணோம். மேலே வெறும் செம்மண் வெள்ளம். கடைசியாக வந்த விருந்தாளி ஒருத்தர் கரையில் கிடந்து இருமிக்கொண்டிருந்தார். பாலத்தில் வழுக்கி விழுந்தவரைக் குங்தான் முதுகில் கைவைத்துக் கரைக்குத் தள்ளிவிட்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து, மூங்கில் புதரில் சிக்கியிருந்த அவளை எடுத்தார்கள்.

மனைவி புவாச்சன் அழுது ஓய்ந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“எம்பொண்ணு மணி அடிச்சாளா?”

“மழச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல” என்றார் புன்மா.

அந்த ஒரு பொய்யோடு ஒரே வீட்டில் ஐந்து மாதம். அவள் நம்பினாளா என்பது அவருக்குத் தெரியாது. சாப்பிட உட்கார்ந்தால் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்துவிடுவார்.

பிப்ரவரியில் மறுபடி வேலைக்கு வந்தார். ஆறு விருந்தாளிகள். கடைசி ஆள் கிடைக்கவில்லை, தனியாகவே கூட்டிப்போனார். ஓடை வறண்டு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வயலில் நெல்லறுத்த தாள் எரித்த புகை வாசனை. தரைப்பாலத்தை அவர் குனிந்த தலையோடு கடந்தார். ஏற்றத்தில் பாதி தூரம்...

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். விருந்தாளிகள் விழித்துக்கொண்டு நின்றார்கள். இந்தத் தடவை மணி கேட்டும் நிற்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, அப்படி ஓடினார்.

எதிரே, கடைசி விருந்தாளி ஹில்டா வந்துகொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது டச்சுக்கார அம்மா, எல்லாரையும்விட மெதுவாக மிதிப்பவர். அன்றைக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

“மணி அடிச்சீங்களாம்மா?” என்று இங்கிலீஷில் கேட்டார் புன்மா.

“நான் அடிக்கல. பின்னாடி வர்ற பொண்ணு அடிச்சா.”

பின்னாடி... புன்மா பார்த்தார். வெயில். தூசி. அவ்வளவுதான்.

“நல்ல பொண்ணு. பாலத்துலேருந்து இது வரைக்கும் முதுகுல கை வச்சுத் தள்ளிக்கிட்டே வந்தா. ஒரு பேச்சையே திரும்பத் திரும்பச் சொன்னா. எனக்குப் புரியல, ஆனா மனசுல நின்னுடுச்சு.” ஹில்டா அதைத் தட்டுத் தடுமாறிச் சொல்லிக் காட்டினார்.

அந்தம்மாவுக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. சொன்னது அச்சு அசலாகச் சியாங் மாய்ப் பேச்சு, குங்கின் இழுவையோடு.

“அம்மாகிட்ட சொல்லிடுங்கப்பா.”

ஹில்டா திரும்பினார். காய்ந்து கிடந்த சட்டையின் முதுகில், ஐந்து விரலும் பதிந்த ஈரம். புதுவெள்ளத்துச் சேற்று வாசனை.

மதியச் சாப்பாட்டுக் கடையில் புன்மா அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துவைத்துத் தரத்தான் கேட்கிறார் என்று ஹில்டா நினைத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புவாச்சன் முன்னால் அதை விரித்தார். முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

“கேட்டுச்சு புவாச்சன். மூணு தடவ அடிச்சா. எனக்குக் கேட்டுச்சு.”

அவள் திட்டவில்லை. குனிந்து அந்த ஈரத்தை முகர்ந்தாள்.

“பயந்திருப்பால்ல...” என்றாள். “உங்களத்தான கூப்பிட்டிருக்கா.”

அதற்கப்புறம் அவள் அவரிடம் பேசியதேயில்லை. சட்டையை மூன்று நாள் வெயிலில் போட்டாள். அந்தக் கையளவு மட்டும் காயவில்லை. இப்போது பக்கத்தில் விரித்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அனோன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். காலையில் அவள் கையை விரித்துக் காட்டினாளாம். உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்ததாம்... இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது போல. நகத்துக்குள் மட்டும் செம்மண்.