இரவல் மூச்சு

அவைக்குத் தலைமை ஏற்று, ஆன்ற அமைதியோடு வீற்றிருக்கும் வீட்டுப் புதுப்பிப்பு ஒப்பந்தக்காரர் சங்கத்தின் தலைவர், பெரியவர் தனசேகரன் அவர்களே! அவருக்கு இருமருங்கும் அமர்ந்து இந்த மேடைக்கு மேன்மை சேர்க்கும் சான்றோர் பெருமக்களே! தோ பாயோவிலிருந்தும் உட்லண்ட்ஸிலிருந்தும், ஞாயிற்றுக்கிழமைச் சமையலைச் சற்றே ஒத்திவைத்துவிட்டு இந்தச் சிராங்கூன் சாலை மண்டபத்துக்கு வந்திருக்கும் அன்னையரே, அக்காமாரே! நாற்காலிகள் காலியாக இருந்தும் அமராமல், பின்சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கும் என் உழைக்கும் சகோதரர்களே! உங்கள் எல்லோரையும் ஒன்றுபோல் மதித்து, ஒன்றுபோல் வணங்குகிறேன்.

முதலில் அந்தச் சகோதரர்கள் உட்கார வேண்டும். ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். யாரும் வந்து எழுப்பமாட்டார்கள். தைரியமாக உட்காருங்கள். நீங்கள் நிற்கும்போது பேச எனக்கு மனம் வரவில்லை.

நான் ஆரணி விஸ்வலிங்கம். நுரையீரல் மருத்துவர். இந்த ஊரில் கல் அறுக்கும் தொழிலாளர்களின் மூச்சை ஆண்டுதோறும் அளந்து பார்க்கும் ஓர் ஆய்வுக் குழுவில் இருக்கிறேன். தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்தபோது பட்டங்களை வரிசையாக அடுக்கினார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இன்று நான் சொல்ல வந்திருப்பது, படித்த நாங்கள் எல்லோரும் ஏமாந்துபோன ஒரு செய்தி.

தாய்மார்களே, உங்கள் வீட்டுச் சமையல் மேடையை ஒருகணம் நினைத்துப் பாருங்கள். வெள்ளையாய், வழவழப்பாய், விளக்கொளியில் மின்னுகிறதே, அந்தக் குவார்ட்ஸ் கல்! மஞ்சள் பட்டாலும் துடைத்தால் போய்விடும். சூடான சட்டியை வைத்துவிட்டால் மட்டும் மாமியாரும் மருமகளும் சேர்ந்து பதறுவீர்கள். சிரிக்கிறீர்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்தக் கல்லில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஓட்டை போட்டது யார்? அடுப்பு உட்காரும் அளவுக்கு அறுத்தது யார்? அறுத்தபோது எழுந்த வெண்புகை போன்ற தூசி எங்கே போனது? யாருடைய நெஞ்சுக்குள் போனது?

தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே அறுத்தால் அந்தத் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் புது வீட்டில் தண்ணீர் பாய்ச்ச யார் விடுகிறார்கள்? "தண்ணி ஊத்தாதீங்க தம்பி, ஃப்ளோர் போயிடும்லா" என்கிறோம். தூசி ஹாலுக்கு வந்துவிடக் கூடாது என்று சமையலறைக் கதவையும் சாத்திவிடுகிறோம். உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் கதவைத் திறந்து, அன்போடு ஆளுக்கொரு குவளை மைலோ கலந்து கொடுக்கிறோம். அங்கே மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா தலையைக் குனிந்துகொள்கிறார். அம்மா, நிமிர்ந்து பாருங்கள். உங்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. அந்தத் தூசி என்ன செய்யும் என்று உங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

அது என்ன செய்யும்? கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய தூசி அது. மூக்கு தடுக்காது, தொண்டை தடுக்காது. நுரையீரலின் ஆழத்தில் போய்த் தங்கிவிடும். தங்கிய இடத்தில் தழும்பு விழும். தழும்பு விழுந்த இடம் காற்றுக்கு விரியாது. முதலில் இருமல், பிறகு படியேறினால் இளைப்பு, பிறகு சட்டை மாற்றினாலே இளைப்பு. அந்தத் தழும்பை அழிக்க இன்றுவரை எங்களிடம் மருந்து இல்லை. முன்கூட்டியே கண்டுபிடித்து, அந்த மனிதரைத் தூசியிலிருந்து விலக்கி வைப்பதே நாங்கள் செய்யக்கூடிய பெரிய வைத்தியம்.

கண்டுபிடிக்கத்தான் ஊதல் சோதனை. மூக்கில் ஒரு கிளிப் மாட்டுவோம். வாயில் ஓர் அட்டைக் குழாய். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரே வேகத்தில் ஊதி, உள்ளே ஒன்றுமே இல்லை என்று ஆகும்வரை விடாமல் ஊத வேண்டும். எங்கள் குழுவின் சங்கீதா பக்கத்தில் நின்று, "ஊதுங்க ஊதுங்க, இன்னும் இன்னும், விடாதீங்க விடாதீங்க" என்று கத்துவார். அவர் கத்துவதைக் கேட்டால் நமக்கே மூச்சு முட்டும்.

இந்த இடத்தில்தான் ரத்னவேல் என் கதைக்குள் வருகிறார். கதை என்றா சொன்னேன்? அவர் வாழ்க்கை. அதைச் சொல்ல அனுமதி தந்தவரும், பெயரை மறைக்க வேண்டாம் என்றவரும் அவரே.

ரத்னவேல் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். சமையல் மேடைக் கல் அறுப்பவர். ஒரே தொழிலாளர் விடுதியில், ஒரே அறையில், அவருக்கு ஒரு நண்பர். அந்த நண்பரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவரும் கல் அறுப்பவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனால் அவர் கபடி வீரர். மூச்சு விடாமல் பாடிக்கொண்டு எதிரணிக்குள் புகுந்தால், ஆளைத் தொடாமல் திரும்பமாட்டாராம். விடுதி முழுக்க அவருடைய மூச்சைப் பற்றித்தான் பேச்சு.

போன ஆண்டு, இந்த மண்டபம் இருக்கும் இதே தேக்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் முகாம் போட்டோம். திருவிழாக் கூட்டம். பெயரைக் கூப்பிடுவோம், வந்து உட்காருபவர்தான் அந்தப் பெயருக்கு உரியவர் என்று எங்கள் குழு எடுத்துக்கொண்டது. "ரத்னவேல்" என்று கூப்பிட்டார்கள். ஒருவர் வந்தார், ஊதினார். எப்படி ஊதினார் தெரியுமா? சங்கீதா கத்துவதையே நிறுத்திவிட்டாராம்! அப்படி ஒரு மூச்சு. அருமையான நுரையீரல் என்று பதிவு செய்தோம்.

ஆண்டு ஒன்று போனது. மறுபடியும் முகாம். மறுபடியும் "ரத்னவேல்" என்று கூப்பிட்டார்கள். இந்த முறை ஒருவர் மெல்ல நடந்து வந்தார். உட்கார்ந்து, இளைப்பாறி, பிறகு ஊதினார். பாதி மூச்சுகூட இல்லை. இயந்திரம் பழுதா என்று சங்கீதா அதை மாற்றினார், குழாயை மாற்றினார். இரண்டாவது முறையும் அதேதான். ஓர் ஆண்டில் ஒரு மனிதரின் மூச்சு இப்படியா கரைந்துபோகும்? என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் நின்றேன்.

"அண்ணே, போன வருஷம் சூப்பரா ஊதினீங்களே, இப்ப என்ன ஆச்சு?" என்று சங்கீதா கேட்டார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன வருஷம் ஊதினது நான் இல்லம்மா. என் கூட்டாளி."

"ஏன்ணே அப்படிப் பண்ணீங்க?"

"எனக்கு அப்பவே இருமல். சரியா ஊதலன்னா கம்பெனிக்குத் தெரிஞ்சிடும், வேலை பெர்மிட்டக் கட் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். அவன்தான், நீ உக்காருடா, நான் ஊதிட்டு வர்றேன்னு போனான். நல்ல மார்க் வாங்கிக் குடுத்தான்."

மார்க்! கேட்டீர்களா, பெரியோர்களே? மூச்சுக்கு மார்க்!

இவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதுதானே இது எல்லாம்? தொலைபேசி அட்டை வாங்கும் வரிசையில் நண்பனுக்கு இடம் பிடித்துவைப்பார்கள். காய்ச்சலில் கிடப்பவனுக்குச் சாப்பாடு எடுத்து வருவார்கள். அவன் துணியையும் சேர்த்துத் துவைப்பார்கள். அந்த வழக்கத்திலேயே அவனுக்காக மூச்சையும் ஊதிக் கொடுத்துவிட்டார்கள். விசாரித்துப் பார்த்தால், அன்றைக்கு இரவல் மூச்சு ஊதியவர் அந்த நண்பர் ஒருவர் மட்டுமல்லர். இருமுகிறவனுக்காக இருமாதவன் ஊதியிருக்கிறான். இளைக்கிறவனுக்காக இளைக்காதவன் ஊதியிருக்கிறான். அன்பு ஊதியது! அச்சம் அனுப்பியது! நாங்கள் அதை அறிவியல் என்று எழுதிக்கொண்டோம்.

எழுதியதோடு நின்றோமா? முதல் ஆண்டு அறிக்கை வெளியானது. கல் அறுப்பவர்களின் மூச்சு நன்றாகவே இருக்கிறது என்றது அறிக்கை. அதைக் காட்டி ஒரு நிறுவனம் — பெயர் வேண்டாம் — "இவங்க நல்லாத்தானே இருக்காங்க, தண்ணி பாய்ச்சுற மெஷின் எதுக்கு?" என்று கேட்டது. எவருடைய வேலையைக் காப்பாற்ற நண்பன் ஊதினானோ, அவருடைய நெஞ்சுக்கே அது வினையாகிப் போனது. அந்த ஓர் ஆண்டும் ரத்னவேல் உலர்ந்த கல்லைத்தான் அறுத்தார். சாத்திய கதவுகளுக்குள்ளே நின்றுதான் அறுத்தார். போன ஆண்டே அவர் தன் மூச்சைத் தானே ஊதியிருந்தால் அன்றைக்கே அவரை அந்தத் தூசியிலிருந்து விலக்கியிருப்போம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வருகின்றன.

இன்று ரத்னவேல் இந்த மண்டபத்தில் இல்லை. மருத்துவமனையில் இருக்கிறார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். நேற்று அவரைப் பார்க்கப் போனேன். "நாளைக்கு மேடையில பேசப் போறேன், என்ன சொல்லட்டும்?" என்று கேட்டேன். ஒரு வாக்கியம் பேச இரண்டு முறை நிறுத்திக்கொள்கிற மனிதர் அவர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அவன யாரும் ஏச வேணாம்னு சொல்லுங்க டாக்டர். எனக்கு நல்லது நினைச்சுத்தான் செஞ்சான். ஆனா அவன் இன்னும் அதே கல்லத்தான் அறுக்குறான். இப்ப அவனுக்கும் இருமுது. கூப்பிட்டா வரமாட்டேங்குறான். என் மூச்ச ஊதினவன், அவன் மூச்ச ஊத பயப்படுறான். அவன எப்படியாச்சும் ஊத வைங்க."

சபையோரே, தன் நுரையீரல் தழும்பாகிப் படுத்திருக்கும் ஒரு மனிதரின் கவலையைப் பார்த்தீர்களா? தன்னைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை! அந்த நண்பர் எங்கள் அழைப்பு எதற்கும் இதுவரை வரவில்லை. அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறதா, தழும்பு தொடங்கிவிட்டதா, எனக்குத் தெரியாது. அவர் ஊதினால்தான் தெரியும்.

வாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் போதுமா? அச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அழைத்தால் யார் வருவார்? எங்கள் சோதனை முடிவு எந்த முதலாளிக்கும் போகாது. இதை நான் நூறு முறை சொல்லியிருக்கிறேன். நான் சொன்னால் இவர்கள் நம்பமாட்டார்கள். யார் சொன்னால் நம்புவார்களோ, அவர் இதோ இந்த மேடையிலேயே இருக்கிறார்.

தலைவர் அவர்களே, உரையின் நடுவே தலைவரை எழுப்புவது மேடை மரபு இல்லை என்று எனக்குத் தெரியும். பொறுத்தருளுங்கள். உங்கள் சங்கத்தார் பலரும் இங்கே இருக்கிறார்கள். ஊதல் சோதனைக்கு வந்ததற்காக எந்தத் தொழிலாளியும் வேலையை இழக்கமாட்டான் என்று நீங்கள் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாமல் இனிக் கல் அறுபடாது என்று சொல்ல வேண்டும்.

"ஆவன செய்வோம்" என்கிறார் தலைவர். ஐயா, அந்தச் சொல்லை நான் பல மேடைகளில் கேட்டுவிட்டேன். அது வேண்டாம். உங்கள் வீட்டில் பேசுவீர்களே, அந்தத் தமிழில் சொல்லுங்கள். இந்தாருங்கள் ஒலிவாங்கி.

கேட்டீர்களா? பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? கேட்கவில்லை என்கிறார்கள், நானே திருப்பிச் சொல்கிறேன். "ஊதுனதுக்காக ஒருத்தனையும் ஊருக்கு அனுப்பமாட்டோம். மூச்சு சரியில்லன்னா வேற வேலை குடுப்போம். தண்ணி இல்லாம அறுக்கச் சொன்னா எங்கிட்ட வாங்க, நான் பாத்துக்கறேன்" என்கிறார். ஐயா, நன்றி. உங்கள் குரல் நடுங்கியதைக் கவனித்தேன். அதனால்தான் அதை நம்புகிறேன்.

தாய்மார்களே, இனி நீங்களும் ஒன்று சொல்லுங்கள். உங்கள் வீட்டில் கல் அறுபடும் நாளில் கதவையும் சன்னலையும் திறந்துவையுங்கள். தண்ணீர் கொட்டினால் துடைத்துக்கொள்ளலாம். செய்வீர்களா? இன்னும் உரக்கச் சொல்லுங்கள்! நன்று.

என் சகோதரர்களே, அதோ அந்த வாசலருகே மேசை போட்டிருக்கிறோம். இயந்திரம் இருக்கிறது, சங்கீதா இருக்கிறார். அவரவர் மூச்சை அவரவர் ஊதுங்கள். மோசமாக வந்தால் வரட்டும். மோசமான உண்மையை வைத்துக்கொண்டு எங்களால் ஏதாவது செய்ய முடியும். அழகான பொய்யை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வோம்? யார் முதலில் வருகிறீர்கள்?

ஒருவரும் எழவில்லையே. பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.

பின்னால் என்ன சலசலப்பு? யாரோ எழுந்து நிற்கிறார். தம்பி, ஏதோ சொல்கிறீர்கள், எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் வழிவிடுங்கள், அவர் முன்னால் வரட்டும். தம்பி, நீங்கள் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். சொல்லியே ஆக வேண்டுமா? சரி, சொல்லுங்கள்.

"நான் சக்தி. ரத்னவேலுக்கு ஊதினது நான்தான். எனக்கு பயமா இருக்கு டாக்டர்."

யாரும் கை தட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

சக்தி, பயமாகத்தான் இருக்கும். எனக்கும் பயமாக இருக்கிறது. வாருங்கள், நானும் உங்களோடு அந்த மேசைவரை வருகிறேன். சங்கீதா, தம்பியின் பெயரைக் கூப்பிடுங்கள், சத்தமாகக் கூப்பிடுங்கள்.

என் பேச்சைப் பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், சொன்ன சொல்லைக் காப்பாற்றப்போகும் தலைவருக்கும், கதவைத் திறந்துவைக்கப்போகும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அவர் ஊதி முடிக்கும்வரை மண்டபத்தில் எந்தச் சத்தமும் வேண்டாம், என் சத்தம் உட்பட. வணக்கம்.