இரண்டாம் சாவி

வண்டி நகரவில்லை.

2017 மே 24. புதன்கிழமை. காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பிலிப்பைன்ஸின் மராவி நகரிலிருந்து கீழே இலிகானுக்கு இறங்கும் மலைச்சாலை. சாதாரண நாளில் ஒரு மணி நேரப் பயணம். நாங்கள் விடியலுக்கு முன்பே புறப்பட்டோம். இன்னும் பாதி தூரம் வரவில்லை. முன்னால் லாரிகள். பின்னால் லாரிகள். நடுவே மனிதர்கள் நடக்கிறார்கள். ஒருவர் தலையில் தையல் இயந்திரம். ஒரு பெண்ணின் கையில் அரிசிச் சட்டி, சூடு இன்னும் ஆறவில்லை.

மேலே, நாங்கள் விட்டுவந்த திசையில், ஓசை. முதலில் சிறு வெடிகள், அடுத்தடுத்து. பிறகு இடைவெளி. பிறகு ஒன்று, கனமாக. அது காதில் கேட்பதில்லை. வண்டியின் தகரத்தில் கேட்கிறது.

எனக்குப் பதின்மூன்று வயது. என் பக்கத்தில் என் தந்தை, அத்தா. அவர் சட்டைப் பையில் எங்கள் துணிக்கடையின் சாவி இருக்கிறது. கடை வெளியே பூட்டியிருக்கிறது. உள்ளே லோர்னா இருக்கிறாள்.

அந்தப் பூட்டுக்கு இரண்டு சாவிகள். இரண்டாவது கடைக்குள், ஆணியில் தொங்குகிறது என்று அத்தா நினைக்கிறார்.

அது நான் போட்டிருக்கும் உடுப்பின் பையில் இருக்கிறது.

*

நாங்கள் கொச்சியின் மட்டாஞ்சேரிக்காரர்கள். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பம். அத்தா இருபது வருடம் இங்கே பஜாரில் வேலை பார்த்தார். பிறகு துணி விற்க மராவிக்குப் போனார். கடை அந்நாட்டுப் பெண் ஒருவரின் பெயரில் இருந்தது. அவரைப் பாபோ என்று அழைப்போம். அவர்கள் மொழியில் அத்தை. துணி அத்தாவுடையது, கட்டடம் பாபோவுடையது. கோடை விடுமுறைக்கு நான் அங்கே போவேன். ஜூன் ஒன்றாம் தேதி பள்ளி திறக்கும்முன் கொச்சிக்குத் திரும்புவேன். அந்த ஆண்டும் அப்படித்தான் போனேன்.

மராவி ஏரிக்கரை நகரம். ஏரியிலிருந்து ஓர் ஆறு அங்கேதான் புறப்படுகிறது. ஆற்றின் குறுக்கே பாலங்கள். பழைய பெயர் டன்சாலன். துணி, பித்தளை, தங்கம், மஞ்சள், சிவந்த மிளகாய்: அந்த நகரம் இவற்றால் வாழ்ந்தது. அதன் ஆண்கள் மூட்டை சுமந்து மற்ற தீவுகளுக்கெல்லாம் போய் விற்பார்கள். ரமலானுக்கு ஊர் திரும்புவார்கள். சம்பாதித்ததைக் கொண்டு வீடு கட்டுவார்கள். கீழ்த்தளம் கடை, மேல்தளம் வீடு. வட்டி கூடாது என்பதால் பலர் வங்கிக்குப் போவதில்லை. சேமிப்பு வீட்டிலேயே இருக்கும், பெட்டியில், சுவரில், தரைக்கு அடியில். ஆகவே நகரத்தின் செல்வம் நகரத்திலேயே இருந்தது. அதன் பொருளாதாரம் இவ்வளவுதான். அது எரிந்தபோது எல்லாம் சேர்ந்து எரிந்ததற்கும் காரணம் இதுதான்.

எங்கள் கடை ஆற்றுக்குக் கிழக்கே, பதியான் என்னும் பெருஞ்சந்தையில் இருந்தது. பாபோவுடன் நாங்கள் தங்கிய வீடு ஆற்றுக்கு மேற்கே. நடுவே பாலம்.

லோர்னா கடையின் தையற்காரி. இலிகான்காரி, கிறிஸ்தவப் பெண். வாரநாட்களில் கடையின் பின்னறையில் தங்குவாள். கடைக்கு வாசல் ஒன்றுதான்; இரவில் அவள் உள்ளே இருக்க வெளியே பூட்டி, காலையில் திறப்போம். ஆங்கிலமும் அத்தாவிடம் பொறுக்கிய தமிழும் கலந்து பேசுவாள். என்னை அத்தா அழைப்பது போலவே 'மோளே', மகளே, என்பாள். எங்கள் பூட்டைக் கண்டால் அவளுக்குச் சிரிப்பு. மட்டாஞ்சேரியிலிருந்து அத்தா கொண்டுபோன பித்தளைப் பூட்டு. உள்ளங்கையை விடப் பெரியது.

"பாஸ், கள்ளன் வந்தா கடைய விட்டுட்டு இந்தப் பூட்டைத்தான் எடுப்பான்."

"எடுக்கட்டும். எடுக்க முடிஞ்சா எடுக்கட்டும். ஆனை வந்தாலும் அசையாது, கேட்டியா?"

அது வேடிக்கைப் பேச்சு. உண்மையும் கூட.

*

மே 23. செவ்வாய். அன்று காலை கடையைத் திறந்தது நான். இரண்டாம் சாவி இரவில் எங்கள் வீட்டில் இருக்கும். பகலில் கடைக்குள், கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் இருக்கும். திறப்பவர் அதை ஆணியில் மாட்ட வேண்டும். கதவு திறந்ததும் லோர்னா சாயாக் கோப்பையை நீட்டினாள். இரு கைகளாலும் வாங்கினேன். அதற்காகச் சாவியைப் பையில் போட்டேன். மாட்டவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் முதல் சத்தம். சந்தையில் யாரும் ஓடவில்லை. அந்த ஊரில் குடும்பங்களுக்கிடையே பகை உண்டு. அதற்கு ரிடோ என்று பெயர். துப்பாக்கி பேசும். பெரியவர்கள் கூடுவார்கள். மூன்றாம் நாள் கடை திறக்கும். தன் பழைய சண்டைகளிலிருந்து நகரம் கற்றிருந்த கணக்கு அது. பாபோ தொலைபேசியில் அதையே சொன்னார். ரிடோதான், பயப்படாதே, மூன்று நாள்.

மூன்றரை மணிக்குச் சந்தை முழுவதும் ஷட்டர்கள் விழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, தெருமுனையிலிருந்து எங்களை நோக்கி. கறுப்புத் துணி கட்டிய ஆட்கள் துப்பாக்கிகளோடு ஒரு லாரியில் போனார்கள்; நகரைப் பிடிக்க வந்த தீவிரவாதிகள் என்று பிறகு தெரிந்தது. யாரோ கத்தினார்கள்: "உள்ளே! உள்ளே!"

அத்தா அப்போது ஒரு முடிவு எடுத்தார். அது மட்டாஞ்சேரி முடிவு.

இங்கே மட்டாஞ்சேரியில், முழுக் கடையடைப்பான ஹர்த்தால் நாட்களில், கிடங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. ஷட்டரை இறக்கி வெளியே பூட்டிவிடுவார்கள். உள்ளே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஊர்வலம் வரும். பூட்டைப் பார்க்கும். போய்விடும். ஒரு சாவி முதலாளியிடம். மற்றொன்று உள்ளே. வெளியேற வேண்டுமானால், நம்பத்தக்க ஒருவர் வெளியே வந்து தட்டியதும், உள்ளிருப்பவர் ஷட்டரின் அடியில் சாவியைத் தள்ள வேண்டும். அவர் திறப்பார். நூறு ஹர்த்தாலில் இது தவறியதில்லை.

"ஒரு ஹர்த்தால்னு வெச்சுக்கோ," என்றார் அத்தா லோர்னாவிடம். "வெளிய பூட்டிட்டா ஆளில்லாத கடை. பிள்ளையை வீட்ல விட்டுட்டு ஒரு மணிக்கூர்ல வாரேன். சாவி ஆணியில உண்டு."

"போங்க பாஸ். எனக்குப் பெருநாள் உடுப்பு ஒண்ணு பாக்கி. ஜிப்பு வெச்சா தீர்ந்தது."

அவள் ஆணியைப் பார்க்கவில்லை. அத்தா பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவள் எனக்குக் கையசைத்தாள். ஷட்டர் இறங்கியது. முதலில் அவள் முகம் மறைந்தது. பிறகு கை. கடைசியாக நீலச் செருப்பு.

நாங்கள் பாலத்தைக் கடந்தோம். ஐந்து மணிக்கு அத்தா திரும்பிப் போனார். பாலம் ஆயுதம் ஏந்தியவர்களிடம் இருந்தது. அவர் தலைக்கு மேலே சுட்டார்கள். திரும்பி வந்தார். மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் போயின. ஏரிப் பக்கம் வானம் சிவந்தது. பாபோ மூன்று நாளைக்கு மூன்று உடுப்புகள் எடுத்துவைத்தார்.

போர், பூட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடாது. அதை அன்று எங்களில் யாரும் அறியவில்லை.

*

மே 24. ஒன்பது மணி இருபத்தைந்து நிமிடம். வண்டி நிற்கிறது. வரிசை ஏன் அசையவில்லை என்று பார்க்க அத்தா இறங்கி முன்னே நடந்திருக்கிறார். அவருடைய கைப்பேசி என் மடியில். அது அதிர்கிறது.

லோர்னா.

குரல் மிகவும் தாழ்ந்திருக்கிறது. "மோளே, அத்தா எங்க?"

"முன்னாடி போயிருக்காங்க."

"அடுத்த கடைப் பித்தளைக்காரர் ஷட்டர் வெளிய நிக்கறார். தனியா இருக்கார். எனக்குத் தலையை மூடத் தட்டம் கொண்டு வந்திருக்கார், முஸ்லிம்னு நினைப்பாங்க. கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார். தெருவுல இப்ப யாரும் இல்ல. சாவி வேணும். ஆணியில இல்ல. எங்க வெச்சாரு அத்தா?"

என் கை உடுப்புப் பைக்குள் போகிறது. சாவி சூடாக இருக்கிறது.

சாவியை விரல்களால் மூடுகிறேன். அவள் காத்திருக்கிறாள். பிறகு யாரிடமோ, ஷட்டருக்கு அப்பால், ஏதோ சொல்கிறாள். தொலைபேசியில் ஓர் ஓசை. இரும்பு பித்தளையில் விழும் ஓசை. ஒன்று. சிறு இடைவெளி. இரண்டு. மூன்று.

பூட்டு அசையாது. எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு கூச்சல், தெருவிலிருந்து. பிறகு துப்பாக்கி, மிக அருகே. நான்கு முறை. நான்காவது அடி பூட்டில் விழவேயில்லை.

"மோளே," என்கிறாள் லோர்னா. மூச்சுதான் வருகிறது. "அத்தாகிட்ட சொல்லு."

"சொல்றேன்."

தொடர்பு அறுந்தது. ஒன்பது இருபத்தொன்பது.

அத்தா திரும்பி வந்தார். செருப்பு முழுவதும் சேறு. "யாராவது விளிச்சாங்களா மோளே?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றை மட்டும் மிகத் தெளிவாக அறிந்தேன். சொன்னால் இவர் இறங்குவார். மேல்நோக்கி நடப்பார். பாலத்துக்குப் போவார். அவர்கள் இம்முறை தலைக்கு மேலே சுடமாட்டார்கள்.

"இல்ல அத்தா," என்றேன்.

அழைப்புப் பதிவை அழித்தேன். வண்டி நகர்ந்தது.

*

மறுநாள் முதல் ராணுவ விமானங்கள் மராவியில் குண்டு போட்டன. இலிகானில் ஒரு பள்ளியின் வகுப்பறையில் இருந்தோம். குண்டுகளின் ஓசை அவ்வளவு தூரம் வராது என்றார்கள். எனக்குக் கேட்டது. அத்தா நாள்தோறும் லோர்னாவின் எண்ணை அழைத்தார். மணி போகவில்லை. அவளுடைய தங்கை வகுப்பறை வாசலுக்கு வருவாள். அத்தா அவளிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். சாவி உள்ளேதான் இருக்கிறது, அவள் வெளியே வந்திருப்பாள். நான் அருகில் நிற்பேன். பையில் கை விட்டபடி.

பாபோவின் மூன்று உடுப்புகள் கிழியும்வரை உடுத்தப்பட்டன. சண்டை ஐந்து மாதம் நடந்தது.

அடுத்த ஆண்டு, சந்தைப் பகுதிக்குள் போய் மிஞ்சியதை எடுத்துவர மக்களை அனுமதித்தார்கள். சில மணி நேரம் மட்டும். அத்தா போனார். எங்கள் கட்டடத்துக்குக் கூரை இல்லை. பின்சுவர் இல்லை. முன்னால் ஷட்டர் மட்டும் நின்றது. அதில் பூட்டு தொங்கியது. பூட்டியபடியே. உள்ளே கல்லும் சாம்பலும். உடல் ஏதும் கிடைக்கவில்லை. பின்சுவர் வழியே யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்கும் தெரியாது. அவள் பெயர் காணாமற்போனோர் பட்டியலில் இருக்கிறது. பித்தளை வியாபாரியின் பெயரும் அதே பட்டியலில்.

அத்தா அந்தப் பூட்டைத் திறந்தார். தன் சாவியால். அது ஒரே திருப்பில் திறந்தது என்றார். கையில் எடுத்துக்கொண்டு கொச்சிக்கு வந்தார்.

*

இப்போது அவர் கொச்சங்காடியில் ஓர் இஞ்சிக் கிடங்கில் வேலை பார்க்கிறார். நான் இலக்கியம் படிக்கிறேன். பூட்டு அவருடைய மேசையில் இருக்கிறது. ஹர்த்தால் நாளில் மற்ற கிடங்குகள் பழைய வழக்கத்தைத் தொடர்கின்றன. அத்தா தன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். ஷட்டரைத் திறந்தே வைத்து வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சென்ற முறை ஊர்வலக்காரர் ஒருவர் கேட்டார்: "என்னா இக்கா, உங்களுக்கு மாத்திரம் தனிச் சட்டமா?"

பூட்டின் மேற்புறத்தில் மூன்று பள்ளங்கள். ஒன்று ஆழம். மற்ற இரண்டும் அதைவிடக் குறைவு. அத்தா விரலால் தடவுவார்.

"யாரோ திறக்கப் பார்த்திருக்காங்க. நல்லவனா கெட்டவனா, அது மாத்திரம் தெரிஞ்சா மதி எனக்கு, அது போதும். சாவி உள்ளே உண்டுல்ல? அப்ப எதுக்கு அடிக்கணும்?"

எட்டு வருடங்களுக்கும் மேலாகக் கேட்கிறார். பதில் தெரிந்த ஒரே ஆள் அவருக்குச் சோறு பரிமாறுகிறாள்.

எனக்கு மலையாளம்தான் எழுத்தில் எளிது. அத்தாவுக்கு மலையாளம் வாசிக்க வராது. ஆகவே இதைத் தமிழில் எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் சரிபார்த்தேன். நாளை காலை அவர் கிடங்கைத் திறக்கும்முன் இதைப் பூட்டின் அடியில் வைப்பேன். இரண்டாம் சாவியை மேலே வைப்பேன். வாசித்த பிறகு அவர் என்னை எப்படி அழைப்பார் என்று தெரியாது. மோளே என்று அழைப்பாரா என்பதும் தெரியாது.

இழந்தவை. கடை ஒன்று. தரைக்கடியில் பாபோ வைத்த நகைப்பெட்டி ஒன்று. தையல் இயந்திரங்கள் இரண்டு. பெருநாளுக்குத் தைத்து முடித்த உடுப்புகள் பதினொன்று, ஜிப்பு வைக்காதது ஒன்று. ஒரு தட்டம், உரியவளின் கையில் சேராதது. பித்தளை வியாபாரி, தனியாக நின்றவர், மூன்று முறை அடித்தவர், ஒருவர். லோர்னா, ஒருத்தி.

இழக்காதவை. பூட்டு ஒன்று. சாவிகள் இரண்டு.